வார்னர் பிரதர்ஸ் படக் களஞ்சியம்

அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தன் உரிமையில் வைத்திருக்கும் திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், கார்ட்டூன்கள் ஆகியவற்றின் தொகுப்பு. ஹாலிவுட்டில் இதை ‘லைப்ரரி’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அலமாரியும் பிலிம் டப்பாக்களும்தான் நினைவுக்கு வரும். நம் ஊர்ச் சினிமாக்காரர்கள் ‘நெகட்டிவ் உரிமை’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். டப்பா எங்கே கிடந்தாலும் சரி, அந்தப் படத்தை யார், எங்கே, எத்தனை தடவை காட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர்.

எடுத்தவரே சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 மார்ச்சில் அமேசான் சுமார் 845 கோடி டாலர் கொடுத்து எம்.ஜி.எம். ஸ்டுடியோவை வாங்கியது. அதன் சின்னமான கர்ஜிக்கும் சிங்கம் கைக்கு வந்தது. அந்தச் சிங்கம் கர்ஜித்த பிறகு தொடங்கிய ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’, ‘சிங்கிங் இன் தி ரெயின்’, டாம் அண்டு ஜெர்ரி கார்ட்டூன்கள் எதுவும் கூட வரவில்லை. 1986 மே மாதத்துக்கு முந்திய எம்.ஜி.எம். படங்கள் எல்லாம் வார்னர் களஞ்சியத்தில் இருக்கின்றன. எப்படி அங்கே போயின என்பதுதான் இந்தக் களஞ்சியத்தின் வரலாற்றில் பாதி.

குளிர்பானக் கம்பெனியும் பழைய படங்களும்

வார்னர் சகோதரர்கள் நால்வரும் 1923-இல் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ மூலம் பேசும் படத்துக்கு வழி திறந்தார்கள். ஆனால் ஓடி முடித்த படத்துக்கு அந்தக் காலத்தில் பெரிய மதிப்பு கிடையாது. எப்போதாவது மறுவெளியீடு நடக்கும். மற்றபடி அது கிடங்கில் இடத்தை அடைக்கும் சரக்கு.

தொலைக்காட்சி வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஆனால் பெரிய ஸ்டுடியோக்கள் அதைப் பகையாளியாகப் பார்த்தன. தியேட்டருக்கு வர வேண்டிய கூட்டத்தை வீட்டிலேயே உட்கார்த்தி வைத்த பெட்டிக்கு நாமே படம் கொடுப்பதா என்ற கோபம் ஒருபக்கம். படத்தை டி.வி.யில் திரும்பக் காட்டினால் நடித்தவருக்கும் எழுதியவருக்கும் பங்கு உண்டா என்று தொழிற்சங்கங்கள் கேட்ட கேள்வி இன்னொரு பக்கம். அந்தப் பேச்சு தீராததால் 1948-ஐ ஒட்டி ஒரு கோடு விழுந்தது. அதற்கு முந்திய படங்களை விற்றால் தகராறு குறைவு. 1960-இல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது அதன் தலைவராக இருந்தவர் ரொனால்ட் ரீகன். புதிய படங்களுக்குப் பங்கு என்று முடிவானது. 1948 முதல் 1959 வரையிலான படங்களுக்கு ஓய்வூதிய, மருத்துவ நிதியாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சங்கம் விட்டுக்கொடுத்தது. மூத்த நடிகர்கள் பலருக்கு அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை.

முதலில் கதவைத் திறந்தது ஆர்.கே.ஓ. 1955-இல் அதன் உரிமையாளர் ஹோவர்ட் ஹியூஸ் அந்த ஸ்டுடியோவை ஜெனரல் டயர் என்ற டயர் கம்பெனிக்கு 2.5 கோடி டாலருக்கு விற்றார். டயர்க்காரர்கள் சுமார் 740 படங்களின் டி.வி. உரிமையை 1.52 கோடிக்கு சி அண்டு சி என்ற நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அது டின்னில் அடைத்த குளிர்பானம் விற்ற கம்பெனி. ரொக்கம் இல்லாத டி.வி. நிலையங்களிடம் அது பணம் கேட்கவில்லை, விளம்பர நேரம் கேட்டது. அந்த நேரம் பிளேடெக்ஸ் உள்ளாடை விற்ற இன்டர்நேஷனல் லேடெக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ‘கிங் காங்’கும் ‘சிட்டிசன் கேன்’னும் அமெரிக்க வரவேற்பறைக்குள் நுழைந்தது இப்படித்தான், பண்டமாற்றாக. 16 மி.மீ. பிரதிகளில் ஆர்.கே.ஓ.வின் வானொலிக் கோபுரச் சின்னத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘சி அண்டு சி மூவிடைம்’ என்ற அட்டையை ஒட்டினார்கள்.

1956-இல் வார்னரும் விற்றது. 1950-க்கு முந்திய படங்களும் குறும்படங்களும் கார்ட்டூன்களின் பெரும்பகுதியும் சேர்த்து 2 கோடியே 10 லட்சம் டாலர். ‘காசாபிளாங்கா’ அதில் ஒன்று, ‘தி மால்டீஸ் பால்கன்’ ஒன்று. இன்று பார்த்தால் கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்யக் குடும்ப நகையை எடைக்குப் போட்டது போலத்தான் இருக்கிறது. வாங்கியது எலியட் ஹைமன் நடத்திய அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்ஷன்ஸ். சுருக்கமாக ஏ.ஏ.பி. பாப்பாய் கார்ட்டூன்களையும் இதே நிறுவனம் பாரமவுண்டிடமிருந்து வாங்கியது. 1958-இல் ஏ.ஏ.பி.யை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் விழுங்கியது.

வார்னர் கார்ட்டூன்களில் வரும் பக்ஸ் பன்னி என்ற முயலுக்கு இதனால் ஏற்பட்ட நிலை விசித்திரமானது. 1948 ஆகஸ்டுக்கு முந்திய முயல் ஒருவர் வீட்டில், அதற்குப் பிந்திய முயல் இன்னொருவர் வீட்டில். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்படியே இருந்தது.

எம்.ஜி.எம். புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. விற்காமல் வாடகைக்கு விட்டது. 1956 நவம்பர் 3 அன்று சி.பி.எஸ். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை ஒளிபரப்பியது. பின்னர் அது ஆண்டுக்கொரு தடவை குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் வழக்கமாயிற்று. சொத்து கைவிட்டுப் போகாமல் வாடகை வந்துகொண்டே இருந்தது.

வார்னரை வாங்கியவர்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. 1967-இல் ஜாக் வார்னர் தன் பங்கை விற்றது செவன் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு. அதன் தலைவர் வேறு யாருமல்ல, பழைய படங்களை வாங்கிப்போன அதே ஹைமன். ஆனால் அந்தப் படங்கள் அப்போது அவர் கையில் இல்லை. 1969-இல் கார் நிறுத்துமிடமும் இறுதிச்சடங்கு இல்லங்களும் நடத்திவந்த கின்னி வந்தது. பிறகு 1989-இல் டைம் பத்திரிகைக் குழுமத்துடன் இணைப்பு. அதே ஆண்டில் ‘டல்லாஸ்’ எடுத்த லாரிமார் நிறுவனத்தை வார்னர் வாங்க, தொலைக்காட்சித் தொடர்களின் பங்கும் பெருத்தது.

டெட் டர்னர்

அட்லாண்டாவில் யாரும் சீந்தாத 17-ஆம் அலைவரிசை நிலையம் ஒன்றை 1970-இல் வாங்கியவர் டெட் டர்னர். பழைய படங்களும் பேஸ்பாலும் போட்டே அதை வளர்த்தார். 1976-இல் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதும் கொண்டுபோனார். எத்தனை வருஷம் வாடகை கொடுப்பது என்ற கணக்கு அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். 1986 மார்ச்சில் கிர்க் கெர்கோரியனிடமிருந்து எம்.ஜி.எம்./யு.ஏ. நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கினார். கடன் கழுத்தை நெரித்தது. சில மாதங்களிலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸையும் சிங்கச் சின்னத்தையும் கெர்கோரியனுக்கே திருப்பி விற்றார். கல்வர் சிட்டி ஸ்டுடியோ வளாகம் லாரிமாருக்குப் போனது. படங்களை மட்டும் விடவில்லை.

அதிகம் கொடுத்து ஏமாந்துவிட்டார் என்று அன்று பேசினார்கள். அவர் கையில் மிஞ்சியதைப் பாருங்கள்: எம்.ஜி.எம். படங்கள், எம்.ஜி.எம்.முடன் இணைந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்த பழைய வார்னர் படங்கள், பாப்பாய். அடுத்த ஆண்டே ஆர்.கே.ஓ. படங்களின் அமெரிக்க உரிமையும் வந்தது. இந்தச் சரக்கை வைத்து அவர் அலைவரிசைகளைக் கட்டினார். 1988-இல் டி.என்.டி., 1994-இல் டர்னர் கிளாசிக் மூவீஸ். இரண்டிலும் முதலில் ஓடியது ‘கான் வித் தி விண்ட்’. அந்தப் படம் 1939-இல் முதன்முதல் திரையிடப்பட்ட ஊரும் அட்லாண்டாதான். 1991-இல் ஹன்னா பார்பெரா கார்ட்டூன்களை 32 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்.

1995-இல் அது இந்தியாவுக்கும் வந்தது. அப்போது கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் பகலெல்லாம் டாம் அண்டு ஜெர்ரி ஓடும். ராத்திரி ஆனதும் அதே அலைவரிசை டி.என்.டி.யாக மாறிவிடும். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்துபோக, கறுப்பு வெள்ளையில் நடிகர் கிளார்க் கேபிள் வருவார். களஞ்சியத்தின் இரண்டு அறைகளும் ஒரே எண்ணில் திறந்தன. பின்னாளில் கார்ட்டூன்கள் தமிழிலும் பேசின.

‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ 1994-இல் தியேட்டரில் தோற்ற படம். அதை எடுத்த காசில் ராக் நிறுவனம் டர்னருடையது. ஆகவே டி.என்.டி. அதை 1997 முதல் சலிக்காமல் போட்டது. இன்று அந்தப் படத்துக்கு இருக்கும் பெயரில் பெரும்பங்கு, உரிமை கையில் இருந்ததால் குறைந்த செலவில் திரும்பத் திரும்ப ஓட்டியதில் பிறந்தது.

சாயம்

டர்னரின் பெயர் கெட்டதும் இதே படங்களால்தான். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினி மூலம் வண்ணம் ஏற்றினார். புதிய தலைமுறை கறுப்பு வெள்ளை பார்க்காது என்பது வணிகக் காரணம். வண்ணப் பதிப்புக்குத் தனியாகக் காப்புரிமை பதியலாம் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1987-இல் முடிவு செய்தது கூடுதல் லாபம். ‘தி மால்டீஸ் பால்கன்’ இயக்குநர் ஜான் ஹூஸ்டன், ஆக்சிஜன் உதவியோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நிலையிலும் 1986-இல் செய்தியாளர்களை அழைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். அசல் நெகட்டிவை யாரும் தொடவில்லையே என்பது டர்னர் தரப்பு வாதம். அது உண்மைதான். ஆனால் டி.வி.யில் வருவது சாயம் பூசியதாக இருக்கும்போது, பெட்டகத்தில் தூங்கும் அசலால் பார்ப்பவருக்கு என்ன பயன்?

‘சிட்டிசன் கேன்’ தப்பியது. அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஆர்.கே.ஓ.வுடன் போட்ட ஒப்பந்தம் அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை வழக்கறிஞர்கள் எடுத்துப் பார்த்ததும் 1989-இல் டர்னர் பின்வாங்கினார். ஹூஸ்டன் இறந்த பிறகு அவர் வாரிசுகள் ‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’ படத்துக்காகப் பிரான்சில் வழக்காடி, 1991-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அமெரிக்கச் சட்டத்தில் முதலாளிக்கு இருந்த உரிமை, பிரான்சில் படைத்தவரின் தார்மிக உரிமைக்கு முன் நிற்கவில்லை. வண்ணம் ஏற்றுவது பற்றிய இந்தச் சச்சரவின் சூட்டில்தான் 1988-இல் அமெரிக்கா தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் அப்படி வந்தது. 1989-இன் முதல் பட்டியலில் ‘காசாபிளாங்கா’, ‘சிட்டிசன் கேன்’, ‘கான் வித் தி விண்ட்’ மூன்றும் உண்டு.

தீ

உரிமை காகிதத்தில் இருந்தாலும் படம் பொருளில்தான் இருக்கிறது. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் பற்றிக்கொள்ளும். பற்றினால் அணைக்க முடியாது. 1960-களில் கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். பெட்டகம் ஒன்று எரிந்தபோது, 1927-இல் வந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் அறியப்பட்ட கடைசிப் பிரதியும் போனது. அந்தக் காலகட்டத்தில் பாதுகாப்பான பிலிமுக்குப் படங்களை மாற்றும் வேலையை எம்.ஜி.எம். பெரிய அளவில் செய்தது. பின்னாளில் டர்னரிடம் சேர்ந்த ரோஜர் மேயர் இதற்கு முன்னின்றவர். மாற்றி முடித்த மூல நெகட்டிவ்கள் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரின் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் ஹவுஸுக்கு அனுப்பப்பட்டன. 1978 மே மாதத்தில் அங்கேயும் தீ. டாம் அண்டு ஜெர்ரியின் பழைய நெகட்டிவ்கள் பல அதில் அழிந்தன. அந்தத் துடிப்பான நீலப்பூனையை இன்று நாம் பார்ப்பது நகலின் வழியாகத்தான். கான்சாஸ் மாநிலம் ஹட்சின்சனில், தரைக்கு 650 அடி கீழே உள்ள உப்புச் சுரங்கத்தில் ஹாலிவுட் தன் டப்பாக்களை ஏன் அடுக்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும். அங்கே காற்று வறண்டது, வெப்பம் ஏறுவதில்லை.

திரும்பி வந்ததும், பூட்டி வைத்ததும்

1996 அக்டோபரில் டைம் வார்னர் சுமார் 750 கோடி டாலருக்கு டர்னரின் நிறுவனத்தை வாங்கியது. 1956-இல் வெளியே போன படங்கள் 40 ஆண்டு கழித்து வார்னருக்கே வந்தன. முயலின் இரண்டு பாதிகளும் ஒன்று சேர்ந்தன. 2009-இல் தொடங்கிய ‘வார்னர் ஆர்கைவ்’ வரிசை, கடையில் அடுக்க முடியாத சிறு படங்களைக்கூடக் கேட்பவருக்கு மட்டும் டி.வி.டி.யில் பதிந்து கொடுத்தது. களஞ்சியத்தின் வாசகர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

2018-இல் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்டு.டி. உரிமையாளராயிற்று; 2020-இல் எச்.பி.ஓ. மேக்ஸ் ஸ்ட்ரீமிங் சேவை வந்தது. வெளியாருக்கு வாடகைக்கு விட்டிருந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரை நெட்பிளிக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் டிஸ்கவரியுடன் இணைப்பு. புதிய நிர்வாகம் கடனைக் குறைக்க வேண்டியிருந்தது. படப்பிடிப்பு முடிந்த ‘பேட்கேர்ள்’ வெளிவராமல் வரிக்கணக்கில் நஷ்டமாக எழுதப்பட்டது. எச்.பி.ஓ. தானே எடுத்த ‘வெஸ்ட்வேர்ல்ட்’ அதன் சொந்தச் சேவையிலிருந்தே அகற்றப்பட்டது. 2025 மார்ச்சில் பழைய லூனி ட்யூன்ஸ் குறும்படங்களும் போயின. சர்க்கரை ஆலைக்காரர் வீட்டுக் காப்பியில் சர்க்கரை இல்லாத கதை. அதே ஆண்டின் இறுதியில் நெட்பிளிக்ஸும் பாரமவுண்டும் வார்னரை வாங்கப் போட்டியிட்டன.

வாங்குபவர்கள் மாறிக்கொண்டிருக்க, சொத்து மறுபக்கம் கரையத் தொடங்கிவிட்டது. அமெரிக்கச் சட்டப்படி இந்தப் பழைய படங்களின் காப்புரிமை 95 ஆண்டு. ‘தி ஜாஸ் சிங்கர்’ 2023 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையானது. ஆனால் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் வரும் சிவப்புக் காலணி இன்னும் களஞ்சியத்துக்குள்தான் இருக்கிறது. எல். பிராங்க் பாம் 1900-இல் எழுதிய நாவலில் அது வெள்ளி நிறம். டெக்னிகலரில் எடுப்பாகத் தெரிவதற்காக எம்.ஜி.எம். அதைச் சிவப்பாக்கியது. நாவல் பொதுவுடைமை, சிவப்பு அப்படியல்ல. 1985-இல் டிஸ்னி தன் ‘ரிட்டர்ன் டு ஆஸ்’ படத்தில் அந்தக் காலணியைக் காட்ட எம்.ஜி.எம்.முக்குப் பணம் கட்டியது. 2024-இல் யுனிவர்சல் எடுத்த ‘விக்கட்’ படத்தில் காலணி மறுபடி வெள்ளியாகிவிட்டது. 1939-இல் வந்த எம்.ஜி.எம்.மின் ‘ஆஸ்’ படத்துக்குக் காப்புக் காலம் 2034 டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிகிறது.