குளியல் தொட்டி (கெடா)

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்துப் பழைய வீடுகளிலும் குளியலறை மூலையில் செங்கல், சிமெண்டு கொண்டு கட்டப்பட்ட தண்ணீர்த் தொட்டி. மலாய் மொழியில் ‘கோலா’. ஏறக்குறைய இடுப்பளவு உயரம். மேலே குழாய், அடியில் அடைப்பான் போட்ட துளை. இதற்குள் யாரும் இறங்குவதில்லை. வெளியே நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள்.

பெடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பொதுக் குழாய் இருந்த நாட்களில், வீட்டில் தேக்கிய தண்ணீருக்கு மதிப்பு அதிகம். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர் நடுப்பகலில் பால் வாடையோடு திரும்பும்போது, நிறைந்த தொட்டியின் குளிர்ந்த முதல் செம்புத் தண்ணீரே களைப்பை இறக்கியது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் தரும் கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனாலும் குழாய் வறண்டுபோகும் நாளில் கைகொடுப்பது தொட்டிதான்.

பராமரிப்பில் கவனம் வேண்டியது கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரை நாடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது என்பது இதனால்தான்: வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். காலி செய்ய முடியாத தொட்டிக்குப் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் ‘அபேட்’ மருந்துமணல் இடுவது வழக்கம். வீட்டில் கொசுப்புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

இன்று கடைகளில் விற்கப்படும் காற்றுக்குமிழித் தொட்டி வேறு வகை. அதில் படுத்தே குளிக்க வேண்டும். மின்விசிறிப் பொறி ஒன்று காற்றை அடித்தளத்து நுண்துளைகள் வழியே தள்ளிக் குமிழி எழுப்பும். குளித்துத் தண்ணீரை விட்டபின் பொறியைச் சில நிமிடம் ஓட்டி, காற்றுக்குழாய்களில் தங்கிய ஈரத்தை உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளரே கசிவுமின் துண்டிப்பானோடு இணைத்துத் தர வேண்டும்.

தமிழ் வீடுகளுக்கு ஒரு சொல். தீபாவளி நல்லெண்ணெய்க் குளியலைக் காற்றுக்குமிழித் தொட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் துளைகளை அடைத்துவிடும். அன்றைக்குச் செம்பும் பழைய சிமெண்டுத் தொட்டியுமே ஏற்றவை.