பதிக்காத தரையின் படம்: தரையோட்டு முன்காட்சியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

புதிய தரையோடு தம் வீட்டில் எவ்வாறு தோன்றும் என்பதைப் பதிக்கும் முன்னரே செயற்கை நுண்ணறிவுப் படத்திருத்தத்தின் வழியாகக் காணும் வழக்கம் 2022ஆம் ஆண்டிற்குப் பின் பரவியுள்ளது. இவ்வழக்கத்தின் முன்வரலாற்றை இத்தாலிய ஓவிய இலக்கணம், ஆங்கிலேயத் தோட்டக் கலைஞரின் படநூல், ஓட்டுத் தொழிலின் மாதிரிப் புத்தகங்கள், கணினி வரைகலை ஆகியவற்றின் ஊடாக இக்கட்டுரை ஆராய்கிறது. அளந்து வரையப்பட்ட முன்காட்சி, அளவின்றி நம்பவைக்கும் முன்காட்சியாக மாறிய இடத்தை அடையாளங்காண்பதே இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: தரையோடு, தோற்ற ஆழம், முன்காட்சி, ஆத்தங்குடிக் கல், செயற்கை நுண்ணறிவு, ஒளிப்படச் சான்று

முன்னுரை

வீடு கட்டுவோர் எடுக்கும் முடிவுகளுள் தரையைப் பற்றியது எளிதில் மாற்றவியலாதது. சுவர் வண்ணம் பிடிக்கவில்லையெனில் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். பதித்த ஓட்டைப் பெயர்த்தாலோ ஓடும் உடையும். அடியிலுள்ள சாந்தும் கெடும். கொத்தனார் கூலி இரட்டிக்கும். ஆயினும் கடையில் வாங்குபவர் கையில் கிடைப்பது ஒற்றை மாதிரி ஓடே. நூற்றுக்கணக்கான ஓடுகள் சேர்ந்து ஒரு தளமாகும்போது எழும் தோற்றத்தை அவ்வொற்றை ஓட்டைக்கொண்டு உய்த்துணர்வது எளிதன்று. இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளின் வரலாறு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் நீளமுடையது. அவ்வரலாறு ஓட்டுக் கடையில் தொடங்கவில்லை, ஓவியக்கூடத்தில் தொடங்குகிறது.

ஆல்பர்ட்டியின் கட்டத்தரை

லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி 1435இல் இயற்றிய ‘ஓவியம் பற்றி’ என்னும் நூல், தட்டையான பரப்பில் ஆழத்தைத் தோற்றுவிக்கும் முறையை வகுத்துரைத்த முதல் ஐரோப்பிய நூலாகக் கொள்ளப்படுகிறது. அம்முறையை விளக்க அவர் தேர்ந்த பொருள் கட்டங்களிட்ட தளம் என்பது கருதத்தக்கது. மனித உயரத்தை மூன்று முழமாகப் பகுத்து, அம்முழத்தால் படத்தின் அடிக்கோட்டை அளந்து, ஒவ்வோர் அளவுப்புள்ளியிலிருந்தும் ஒற்றை மையப்புள்ளியை நோக்கிக் கோடு இழுக்குமாறு அவர் கூறுகிறார். குறுக்குக் கோடுகள் பார்ப்பவரின் தொலைவைக்கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன. தளம் அமைந்த பின்னரே மாந்தரும் மாளிகையும் அதன்மீது இடம்பெறுகின்றனர்.

இதற்கு முன்னரும் ஓவியர்கள் கட்டத்தரையை வரைந்தனர். அம்புரோஜியோ லோரென்சேத்தி 1344இல் தீட்டிய ‘மங்கள வார்த்தை’ ஓவியத்தில் தரைக்கோடுகள் ஒரே புள்ளியில் குவிவதை எர்வின் பனோஃப்ஸ்கி 1927இல் வெளிவந்த தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். ஆயினும் குறுக்குக் கோடுகளின் இடைவெளியைப் பலர் கண்மதிப்பாலேயே குறைத்து வந்தனர். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையின் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் பழக்கத்தை ஆல்பர்ட்டி வெளிப்படையாகக் கண்டிக்கிறார். அத்தகைய தளம் பார்வைக்குப் பொருந்துவதுபோல் இருப்பினும் பார்ப்பவர் எங்கு நிற்கிறார் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சரிபார்ப்பதற்கு எளிய சோதனையொன்றையும் அவர் தருகிறார்: அடுத்தடுத்த பல கட்டங்களின் மூலைகளை ஒரே நேர்க்கோடு ஊடறுத்துச் சென்றால் தளம் சரியானது, கோடு வளைந்தாலோ முறிந்தாலோ பிழையானது.

பார்வைக்குப் பொருந்துவது வேறு, அளவுக்குப் பொருந்துவது வேறு என்னும் இப்பாகுபாடு தரையோட்டு முன்காட்சியின் பிற்கால வரலாறு முழுவதற்கும் பொருந்துவதாகும். தளத்தை வைத்தே அது வரையறுக்கப்பட்டது என்பதைத் தற்செயலாகக் கருத இயலவில்லை. ஒரே அளவுடைய அலகு மீண்டும் மீண்டும் வரும் பரப்பில் மட்டுமே பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

ரெப்டனின் மடிப்புத்தாள்

‘இப்போது இப்படி, பிறகு இப்படி’ என்று ஒரே இடத்தை இருமுறை காட்டும் உத்தியைத் தொழில்முறையாக நிலைநாட்டியவர் ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818). 1788இல் இத்தொழிலில் இறங்கிய அவர், நிலவுடைமையாளர்களுக்காகச் சிவப்புத் தோலட்டையிட்ட கையெழுத்து நூல்களை உருவாக்கினார். அவற்றிலுள்ள நீர்வண்ண ஓவியங்களில் ஒரு பகுதியை மடிப்புத்தாள் மூடியிருக்கும். மூடிய நிலையில் இன்றைய நிலம் தெரியும். தாளை விலக்கினால் அவர் முன்மொழியும் நிலம் தெரியும். மூடப்படாத பகுதி இரண்டிற்கும் பொது. பார்ப்பவரை நம்பவைப்பது இப்பொதுப்பகுதியே. தம் வீடு, தம் மரம், தம் குன்று என்று அடையாளங்கண்ட கண், மாறிய பகுதியையும் அதே உறுதியோடு ஏற்றுக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவுப் படத்திருத்தத்தில் பயனர் தரையை மட்டும் தெரிவுசெய்து சுவரையும் சன்னலையும் அப்படியே விடும்போது நிகழ்வதும் இதுவே.

1816இல் வெளிவந்த தம் இறுதி நூலில் ரெப்டன் சொந்தக் குடிலின் முற்றத்தையே இவ்வாறு காட்டினார். மடிப்பு மூடிய நிலையில் எதிரே இறைச்சிக்கடையும் வேலியோரம் ஊனமுற்ற இரவலர் ஒருவரும் தெரிகின்றனர். விலக்கிய பின் இருவரின் இடத்தையும் புதரும் மலரும் நிரப்புகின்றன. முன்காட்சி சேர்ப்பதைவிட நீக்குவதில் வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தரையோட்டு முன்காட்சிகளிலும் ஓடு மாறுவதோடு மின்கம்பி மறைவதும், சுவர் ஈரக்கறை அகல்வதும், சன்னல் வழியாக வரும் வெளிச்சம் கூடுவதும் நேர்கின்றன. புதிய ஓட்டால் அழகானதா, துடைத்தெடுத்ததால் அழகானதா என்று வாங்குபவரால் பிரித்தறிய முடிவதில்லை.

ஒற்றைக் கல்லும் முழுத்தளமும்

ஓட்டுத் தொழில் தனக்கெனக் கண்ட வழி வேறு. சாமுவேல் ரைட் 1830இல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமையின் வழியே, இடைக்கால மாதாகோயில்களின் பொறியோடுகளை ஆலையில் ஆக்கும் முறை உருவாயிற்று. ஸ்டோக் நகரின் ஹெர்பர்ட் மின்டன் அம்முறையைப் பெரிய வணிகமாக்கினார். 1850களில் அவர் நிறுவனத்தின் ஓடுகள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் வரை சென்றன. ஆலைகள் வெளியிட்ட மாதிரிப் புத்தகங்கள் ஒற்றை ஓட்டையன்றி, நான்கும் ஒன்பதும் பதினாறுமாக ஓடுகள் சேர்ந்த தளத் துண்டுகளை மேலிருந்து பார்க்கும் நிலையில் அச்சிட்டன. இவற்றில் ஆழமில்லை, வாங்குபவரின் அறையுமில்லை. ஆனால் அளவு உண்டு. எண்ணிப் பார்த்து வரவழைக்க இயலும்.

சுடாத சிமெண்டு ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தெற்குப் பிரான்சில் தோன்றி, 1867ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்குப் பின் பார்சிலோனாவில் செழித்தது. அங்கு 1886இல் தொடங்கப்பட்ட எஸ்கோஃபெட் நிறுவனத்திற்காகக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி வடிவமைத்த அறுகோணக் கல் இங்குச் சுட்டத்தக்கது. கடல்வாழ் உயிரிகளின் உருவங்கள் ஒற்றைக் கல்லில் முழுமையாக இல்லை. அண்டைக் கற்கள் சேர்ந்த பின்னரே அவை முழுமையடைகின்றன. கடையில் ஒரு கல்லைக் கையில் ஏந்துபவருக்கு அது என்னவென்றே விளங்காது. மாதிரி ஓட்டைக்கொண்டு தளத்தை அறியலாம் என்னும் வணிக நம்பிக்கையை ஒரு கலைஞர் வேண்டுமென்றே முறித்த இடம் இது எனலாம்.

சிவகங்கை மாவட்டத்தின் ஆத்தங்குடிக் கல்லும் இச்சிமெண்டு ஓட்டு மரபைச் சார்ந்ததே. கண்ணாடித் தகட்டின்மீது உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்ல எடுத்தபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையை நிரப்பி மட்டம் செய்கின்றனர். தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பின் கண்ணாடி தானே விடுபடுகிறது; கல்லின் வழவழப்பு அக்கண்ணாடி தந்தது. தொழிலாளி முகப்பைக் கீழ்நோக்கியே வார்க்கிறார் என்பதால் தாம் செய்யும் கல்லின் முகத்தை இறுதியில்தான் காண்கிறார். அச்சை எடுக்கும்போது குழம்பின் விளிம்பு சற்றே நெகிழும். எனவே இரு கற்கள் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. செட்டிநாட்டு வீட்டு வளவில் நிற்பவரின் கண்ணுக்குத் தளம் உயிர்ப்புடன் தோன்றுவதற்கு இச்சிறு நெகிழ்வுகளே காரணம் என்று கருத இடமுண்டு. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளில் இக்கற்கள் இத்தாலியச் சலவைக்கல்லுக்கும் பர்மாத் தேக்குக்கும் அருகில் சமமாக வீற்றிருக்கின்றன.

கணக்கிலிருந்து நிகழ்தகவுக்கு

எட்வின் கேட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரு படத்தை வளைந்த பரப்பின்மீது போர்த்தும் முறையைக் கணினிக்குக் கற்பித்தது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருள், 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைபுள்ளிக் கருவியைப் பெற்றது. பயனர் தரையின் நான்கு மூலைகளைக் குறித்தால், ஒட்டப்படும் ஓட்டு வடிவம் ஆழத்திற்கேற்பத் தானே சுருங்கும். ஆல்பர்ட்டியின் தளம் ஐந்நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் மூலைகளைச் சொடுக்கும் செயலாக மீண்டு வந்தது என்பதே இதன் பொருள். ஓட்டுக் கடைகளின் அறைக்காட்சி மென்பொருள்களில் பலவும் இம்மரபினவே. அவற்றில் தளம் உயிரற்றுத் தோன்றலாம். ஒவ்வொரு கல்லும் மற்றொன்றின் நகலாக இருக்கலாம். எனினும் எண்ணிக்கை தவறாது.

இன்னொரு மரபு இதற்கு இணையாக வளர்ந்தது. அலெக்சி எஃப்ரோசும் தாமஸ் லியுங்கும் 1999இல், ஒரு சிறு துண்டுப் பரப்பைப் பார்த்து அதைப்போன்ற பெரும்பரப்பைப் புள்ளி புள்ளியாக வளர்க்கும் முறையை வெளியிட்டனர். முந்தைய எழுத்துகளைக்கொண்டு அடுத்த எழுத்தை ஊகிக்கும் கிளாட் ஷானனின் 1948ஆம் ஆண்டுக் கருத்தே இதற்குத் தூண்டுதல் என்பது மொழியாய்வாளர்களுக்குச் சுவையளிக்கும் செய்தி. 2000இல் பெர்த்தால்மியோ குழுவினர், அருங்காட்சியக ஓவியச் சீரமைப்பாளர்களின் கலைச்சொல்லைக் கடன்பெற்று, படத்தில் அழிந்த பகுதியைச் சுற்றுப்பகுதியைக்கொண்டு நிரப்பும் முறையை அளித்தனர். 2022இல் மறைவெளிப் பரவல் முறை பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதே ஆண்டில் சொல்லால் ஆணையிட்டுப் படத்தைத் திருத்தும் முறையை வெளியிட்ட மூவருள் எஃப்ரோசும் ஒருவர். 2023 மே மாதம் ஃபோட்டோஷாப்பில் ஆக்கநிரப்புக் கருவி சேர்ந்தது. 2025இல் உரையாடல் செயலிகளே இப்பணியைச் செய்யத் தொடங்கின.

இம்முறையில் மூலைகளைக் குறிக்க வேண்டியதில்லை. ‘தரையை ஆத்தங்குடிக் கல்லாக மாற்று’ என்றால் போதும். நிழல் விழுகிறது, நாற்காலிக் கால் மினுக்கத்தில் எதிரொளிக்கிறது, கற்களிடையே வேறுபாடும் தெரிகிறது. ஆனால் இங்கு அளவு கணக்கிடப்படவில்லை. எண்ணற்ற படங்களில் தரைகள் பெரும்பாலும் எவ்வாறு இருந்தன என்பதிலிருந்து இத்தரை ஊகிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் புகழ்பெற்ற மாதிரி 512 புள்ளி அகலப் படத்தை 64 கூறுகளாகச் சுருக்கியே கையாண்டது. 12 அடி நீளமுள்ள எதிர்ச்சுவர் படத்தின் அகலம் முழுவதையும் நிறைத்தாலும், அங்கு ஒரு புள்ளி ஏறத்தாழ 7 மில்லிமீட்டரையும் ஒரு கூறு 57 மில்லிமீட்டரையும் குறிக்கும். 8 அங்குலக் கல்லொன்றின் பூவேலைப்பாடு முழுவதற்கும் அகலவாக்கில் கிடைப்பது மூன்றரைக் கூறுகளே. ஓடுகளுக்கிடையேயான 2 மில்லிமீட்டர் இணைப்புக்கோடு ஒரு புள்ளிக்கும் குறைவு. படத்தில் அது தெரிந்தால் வரைந்து சேர்க்கப்பட்டதே. பின்வந்த மாதிரிகளில் நுணுக்கம் கூடியுள்ளது. ஊகிக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆல்பர்ட்டி கண்டித்த மூன்றில் இரண்டு பங்குத் தளத்தின் வழித்தோன்றல் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் தந்த சோதனையும் இன்றும் பயன்படுகிறது. முன்காட்சியை அச்சிட்டு, அடிக்கோலை அடுத்தடுத்த கல் மூலைகளின்மீது வைத்துப் பார்த்தால் போதும். கைப்பேசியின் அகலக்கோண வில்லை விளிம்புகளை வளைக்கும் ஆதலால் படத்தின் நடுப்பகுதியில் இதைச் செய்தல் நன்று. எண்ணிக்கைச் சோதனை இன்னும் எளிது. 12 அடிக்கு 10 அடி அறையில் 2 அடி ஓடு நீளவாக்கில் 6, அகலவாக்கில் 5, ஆக 30 வேண்டும். 8 அங்குலக் கல்லாயின் 18, 15, ஆக 270. படத்தில் நீளச்சுவரோரம் ஒன்பது ஓடுகள் தெரிந்தால், வாங்குபவர் விரும்பியது கடையில் இல்லாத ஓர் ஓட்டையே. தவறான தளம் வந்து சேரும்போது அதற்குப் பொறுப்பேற்பவர் கொத்தனாரே அன்றிப் படம் அன்று.

சான்றாகும் படம்

வரலாற்றாய்வில் இதன் விளைவு வேறொரு திசையில் அமைகிறது. இடிக்கப்பட்ட வீடுகளின் தளங்களை அறிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் குடும்பங்களிடமுள்ள ஒளிப்படங்களையே நாடுகின்றனர். இனி அத்தொகுப்புகளில் உண்மையான முற்றமும் இல்லாத தளமும் ஒரே படத்தில் கலந்திருக்கும். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு மாற்றாக ஆராயப்பட்ட நான்கு முன்காட்சிகளுள் எது பதிக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதைப் படம் சொல்லாது. ரெப்டனின் மடிப்புத்தாள் தன் விளிம்பைக் காட்டிக்கொண்டே இருந்தது. இங்கு விளிம்பு இல்லை. படத்தின் தோற்றுவாயைக் கோப்பிலேயே பதியும் பொதுத் தரத்திற்கான கூட்டமைப்பு 2021இல் உருவாயிற்று. எனினும் திரைப்பிடிப்பாக எடுத்துப் பகிரும்போது அப்பதிவு உடன்வருவதில்லை. நம் வீடுகளில் படங்கள் பெரும்பாலும் அவ்வாறே பயணிக்கின்றன.

எனவே கள ஆய்வில் தளத்தின் படத்தோடு மூன்று செய்திகளைச் சேர்த்துப் பதிவது இன்றியமையாததாகிறது: அளவுகோலை ஓரத்தில் வைத்து மேலிருந்து எடுத்த ஒரு படம், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கற்களின் எண்ணிக்கை, பெயர்ந்த ஒரு கல் கிடைக்குமாயின் அதன் பின்புறத்தின் படம். ஆத்தங்குடிக் கல்லின் பின்புறத்தில் கலவையை மட்டம் செய்த கையின் தடம் இருக்கும். முன்காட்சிகள் எவையும் பின்புறத்தை வரைவதில்லை.