1941 கிள்ளான் வேலைநிறுத்தம்: கோரிக்கையும் தலைவரும்

கிள்ளானுக்குத் தெற்கே லங்காட் ஆற்றால் பிரிந்து கிடக்கும் கேரி தீவு, தோட்டத்துரை எட்வர்ட் வாலண்டைன் கேரியின் பெயரைத் தாங்கியுள்ளது. அங்குப் பால்மரம் வெட்டியவர் பெயர் எதுவும் வரைபடத்தில் இல்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941இல் தம் குறைகளைக் கோரிக்கைகளாக முன்வைத்தனர்: சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்காதிருக்கும் உரிமை. இவற்றுள் இறுதியானதையே நாம் பெரிதெனக் கருதுகிறோம். அதனை வழங்க ஒரு காசும் செலவில்லை.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனைக் குடியேற்ற அரசு தூண்டிவிடுபவராகவே கண்டது. மே மாதத் தொடக்கத்தில் கைது செய்தது. இன்று ‘வெகுசனவாதி’ என்னும் சொல் பலவிடங்களில் செய்யும் வேலையை அன்று அப்பழி செய்தது: சொன்னவரைப் பேசுபொருளாக்கிச் சொல்லப்பட்டதை மறைத்தது.

ஆயின் இம்மாற்றம் ஒருபக்கத்ததன்று. கைதுக்குப்பின் எழுந்த வேலைநிறுத்தத்தின் முதற்குரல் நாதனை விடுவிக்க வேண்டும் என்பதே. தலைவர்பால் அத்தகைய பற்று இயல்பே. எனினும் கூலியும் பள்ளியும் நின்ற இடத்தில் ஒரு மனிதர் வந்து நின்றார். அம்மாத நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வகுப்பறையில் இப்போராட்டத்தைக் கற்பிக்கும்போது மாணவருள் சிலரேனும் நாதன் பெயரை அறிந்திருக்கக் காண்கிறோம். மிதிவண்டியைப் பற்றி நாமே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.