துண்டும் தரவும்: மாத்தளைத் தோட்டங்களின் பதிவேட்டு வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

ஒரு மனிதனைப் பற்றிய குறிப்பு யாருக்கு உரியது? அம்மனிதனுக்கா, அதனை எழுதி வைத்திருப்பவனுக்கா? இவ்வினா இன்று கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றோடு பிறந்த புதிய வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. பெருங் கம்பனிகள் மக்களின் பெயர், முகம், நடமாட்டம், கொடுக்கல் வாங்கல் என்பவற்றைத் திரட்டித் தமது சொத்தாகக் கொள்வதைக் கண்டிப்போரும், இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றே எழுதுகின்றனர். இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கூற்று ஏற்புடையதன்று. கம்பனியின் ஏட்டிலே தன் பெயரும் கடனும் எழுதப்பட, அவ்வேட்டைப் பார்க்கவும் திருத்தவும் உரிமையின்றி வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம் இந்நாட்டில் உண்டு. மாத்தளை மாவட்டத்தை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதும், இன்றைய விவாதத்திற்கு அது தரும் படிப்பினையை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிற் கம்பனி ஆதிக்கத்தின் முதல் ஆயுதம் துப்பாக்கியன்று, தாளே எனலாம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்களெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டிப் பிரதேசத்திற் சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பயன்பட்ட நிலத்திற்குச் சன்னசு முதலிய எழுத்துச் சான்று வேண்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நிலத்திற்கு ஊரார் நினைவையன்றி வேறு சான்றில்லாத சிங்கள விவசாயி, தாள் கையிலில்லாத காரணத்தால் தன் உரிமையை இழந்தான். அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் கோப்பித் துரைமார்க்கு விற்கப்பட்டது. 1848 இல் துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம், நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதிக்கு உடலுழைப்பு என்பன ஒருசேர வந்தபோது மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவனாகிய புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். வரிச்சுமையே இக்கிளர்ச்சியின் உடனடிக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் தன் வீட்டிலுள்ள பொருளுக்கு அரசிடம் ஆண்டுதோறும் பெயர் கொடுத்து அனுமதி பெறவேண்டும் என்ற நிலையும் அச்சீற்றத்தின் ஒரு கூறு என்பதை மறத்தலாகாது.

பறிக்கப்பட்ட நிலத்திற்கு வேண்டிய உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கியோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1880 இல் புகையிரதம் எட்டிய மாத்தளைப் பட்டினம், வடக்கிருந்து நடந்து வந்தோர்க்கு மலைநாட்டின் வாசலாக நெடுங்காலம் விளங்கியது. முத்துமாரியம்மன் கோயில் அவர்தம் வருகையின் நிலையான சின்னமாகும். அங்கிருந்தே இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவெல, கந்தேநுவர முதலிய பகுதிகளின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலை, கொக்கோ, இறப்பர்த் தோட்டங்களுக்கும் அவர்கள் பிரிந்து சென்றனர்.

அவர்கள் நடந்த பாதையின் ஓரத்திலேதான் அலுவிகாரை அமைந்துள்ளது. வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கு ஏட்டில் எழுதப்பட்டது என மரபு கூறும். எழுதியதைப் பிரதிசெய்து பரப்புதல் அம்மரபிற் புண்ணியமாகும். ஒரே பாதையின் இரு முனைகளில் எழுத்தின் இரு பயன்பாடுகளை இங்குக் காண்கின்றோம். ஒன்று எல்லோர்க்கும் பொதுவாக்கும் எழுத்து. மற்றது ஒருவன் பூட்டி வைத்துப் பிறரை ஆளும் எழுத்து. தோட்டத்தின் எழுத்து இரண்டாம் வகையைச் சார்ந்தது.

தோட்டத்தில் விடிகாலையில் பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்படும். வந்தோரின் பெயர் செக்றோலிற் குறிக்கப்படும். குறிக்கப்பட்ட பெயருக்கே கூலி. இவ்வழக்கத்தால் 'பேர்' என்ற சொல்லே தோட்டத் தமிழில் ஒருநாட் கூலியைக் குறிக்கலாயிற்று. குறித்த அளவு கொழுந்து கொய்யாதவருக்கு 'அரைப்பேர்' போடப்படும். மனிதனை அடையாளப்படுத்தும் பெயர் கூலியின் அளவுகோலாகி, அதனைப் பாதியாக வெட்டும் அதிகாரம் பேனா பிடித்தவன் கைக்குப் போனதை இவ்வொரு சொல் காட்டி நிற்கின்றது. நாள் முழுவதும் மலையில் நின்றவளின் உழைப்புக்குச் சாட்சி அவள் கூடையன்று, கணக்கப்பிள்ளையின் எழுத்தே. அவ்வெழுத்துத் தவறு என நிறுவ அவளிடம் மறுபிரதி இருந்ததில்லை.

இவ்வேட்டின் பின்னால் சட்டம் நின்றது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்லுதல் குற்றமாகும்; அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. தொழில் உடன்பாட்டை மீறுதல் ஏனைய இடங்களிற் பணத்தால் ஈடுசெய்யத்தக்க குடியியல் விடயமாக மாறிவந்த காலத்தில், இங்கு அது சிறைக்குரியதாகவே நீடித்தது.

துண்டு முறை இதன் உச்சமாகும். ஊரிற் பெற்ற முற்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்பவற்றால் தொழிலாளி கடனாளியாகவே தோட்டத்துள் நுழைந்தான். கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்திற்குப் போக விரும்பின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் எனத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய துரை அத்தொகையைச் செலுத்திக் கூட்டத்தை ஏற்பார். அத்தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏறும். ஆளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில் துண்டின் தொகையும் உயர்ந்தது. கடனுக்கான குறிப்பு இவ்வாறு ஆளுக்கான விலையாக மாறியது. கங்காணி அச்சீட்டைக் கொண்டு தோட்டந்தோட்டமாகப் பேரம் பேசினான்; துரைமார் பேசினர். பேசப்பட்டவருக்கு மட்டும் அதிலே பேச்சில்லை. தன் பெயரில் எவ்வளவு தொகை எழுதப்பட்டுள்ளது என்பதைக்கூடப் பலர் அறியார். தாளிலிருந்த குறிப்பு, அக்குறிப்புக்குரிய மனிதனை விடப் பெறுமதியுடையதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை மேலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1854 இல் தோன்றிய தோட்ட முதலாளிகள் சங்கம், 1904 முதல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவி ஆட்சேர்ப்பை நடத்தியது. புதிதாகச் சேர்க்கப்பட்டோர்க்குத் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளங்களும் எண்களும் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. கழுத்திற் கயிற்றிலே தொங்கிய அச்சீட்டைக் கொண்டு அவர்தம் பயணச் செலவு உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. ஊர், குலம், உறவு ஆகிய யாவும் மறைய, ஓர் எண் மட்டும் கடலைக் கடந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் தென்னாபிரிக்காவின் திரான்சுவாலில் ஆசியர் யாவரும் விரலடையாளம் கொடுத்துப் பதிவுசெய்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. 1908 ஆகஸ்ட் 16 ஆம் நாள் யோகன்னசுபேர்க்கின் அமீதியாப் பள்ளிவாசல் முன்றலில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட பதிவுச் சான்றுகள் எரிக்கப்பட்டன. காந்தி தலைமையேற்ற அவ்வியக்கத்தில் தம்பி நாயுடு முதலிய தமிழர் முன்னணியில் நின்றனர். அங்கு வணிகரும் சிறு வியாபாரிகளும் பெருமளவில் இருந்தமையால் இயக்கம் கட்ட முடிந்தது. கடனாற் கட்டுண்டு, தோட்ட எல்லைக்குள் அடைபட்டிருந்த இலங்கைத் தொழிலாளர்க்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. எரிப்பதற்குத் தாளும் அவர்கள் கையில் இல்லை. அது துரையின் அலுவலகத்தில் இருந்தது.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. சென்னை மாகாணத்தின் பொதுசன அபிப்பிராயமும் இந்திய அரசின் அழுத்தமும் இதற்குத் துணைநின்றன. எனினும் வேலையிலிருந்து நீங்குவோர்க்குத் தோட்ட நிர்வாகம் வழங்கும் பற்றுச்சீட்டு நிலைத்தது. கூட்டம் கூடியவனையும் சங்கம் அமைத்தவனையும் பற்றுச்சீட்டைக் கொடுத்து வெளியேற்றுதல் அடக்குமுறையின் வழமையான வடிவமாயிற்று. 1924 இலிருந்து தேசபக்தன் இதழை நடத்திய கோ. நடேசையர், தோட்டத்துச் செய்திகளையும் சட்டங்களையும் தமிழிற் பரப்பியதன் முக்கியத்துவத்தை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். எழுத்தின் மீதான ஏகபோகத்தை எழுத்தாலேயே உடைக்கும் முயற்சி அது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, பதிவேடு என்பதே தீது, அது ஒழிதலே விடுதலை என முடிவுசெய்தல் எளிது. 1948 க்குப் பின் நிகழ்ந்தவை அம்முடிவைத் திருத்துகின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. இதுகாறும் தொழிலாளியைக் கட்டிய ஏடு, இப்போது அவனுக்குச் சான்றாக வேண்டியதாயிற்று. ஆனால் அது அவன் கையில் இல்லை. தோட்டப் பதிவேடு நிர்வாகத்திடம் இருந்தது. தோட்டத்திற் பிறந்த பிள்ளையின் பிறப்பும் தோட்ட அத்தியட்சகர் வழியாகவே அறிவிக்கப்பட்டது. ஒரு பெயர் இரு ஏடுகளில் இருவிதமாக எழுதப்பட்டிருப்பின், அப்பிழையின் விலையைச் செலுத்தியவன் எழுதியவனல்லன், எழுதப்பட்டவனே. விண்ணப்பங்களில் அடங்கிய ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேரில் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே இச்சட்டத்தின் கீழ்ப் பிரசைகளாயினர். நிராகரிப்புக்களின் அடிப்படை அரசியலே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வரசியலுக்கு வாய்ப்பான கருவியாக அமைந்தது, மக்கள் தம்மைப் பற்றிய சான்றுக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நின்ற நிலையாகும். 1964 இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோதும் மனிதர் எண்களாகவே பேசப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003 இலேயே.

எனவே வரலாறு காட்டும் அநீதி இருமுகமுடையது. வேண்டாதபோது பதிவு அவர்களைப் பின்தொடர்ந்தது. வேண்டியபோது அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டிற்கும் காரணம் ஒன்றே: தம்மைப் பற்றிய ஏட்டின் மீது அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. அந்தரங்கம் என்பதை மறைந்திருக்கும் உரிமையாக மட்டும் விளக்குவோர் இவ்விரண்டாம் முகத்தைக் காண்பதில்லை. மறைப்பதற்கு மாளிகையுடையோரின் வரைவிலக்கணம் அது. லயத்து அறையில் வாழ்ந்தோர்க்கு அந்தரங்கம் என்பது, தன் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது, யார் அதனைக் காண்கின்றனர் என்பதை அறியவும், திருத்தவும், வேண்டும்போது தன் கையிற் பெறவும் உள்ள அதிகாரமாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய நிலையை நோக்குவோம். 2018 இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில், 8 கோடியே 70 இலட்சம் வரையான பேஸ்புக் பயனாளரின் விபரங்கள் அவர்தம் உண்மையான சம்மதமின்றி அரசியல் வணிகத்திற்குக் கைமாறியமை தெரியவந்தது. தாளுக்குப் பதில் கணினி, கங்காணிக்குப் பதில் இடைத்தரகுக் கம்பனி. பேசப்பட்டவர்க்கு அங்கும் பேச்சில்லை. இந்த ஒப்பீட்டுக்கும் எல்லையுண்டு. பேஸ்புக்கை விட்டு நீங்குவோரை எவரும் சிறையிலிடுவதில்லை. ஆனால் கல்வி, வங்கி, வேலை, அரச உதவி யாவும் கணினிப் பதிவின் வழியே வருமாயின், நீங்கும் சுதந்திரம் ஏட்டளவிலேயே எஞ்சும்.

பதிப்புரிமைச் சட்டமும் இங்குக் கவனத்திற்குரியது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தெரிவாலும் ஒழுங்கமைப்பாலும் தனித்தன்மை பெற்ற தொகுப்புக்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. தொகுத்தவனின் உழைப்பு மதிக்கப்படவேண்டியதே. ஆனால் தொகுப்பின் உள்ளடக்கமாக அமைந்த மனிதர்க்கு அதில் என்ன பங்கு என்பதற்குப் பதிப்புரிமை விடை கூறுவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலையக நாட்டார் பாடல்கள் கொழுந்து கொய்தவர்களின் கூட்டுப் படைப்பு. அவற்றைப் பாடியோர் பெயர் எந்த உரிமைப் பத்திரத்திலும் இல்லை. பாடலில் ஆசிரியராகப் பெயர் பெறாதவர், கடனேட்டில் மட்டும் பெயர் பெற்றார். யாருடைய எழுத்தைச் சொத்து எனவும் யாருடைய படைப்பைப் பொது எனவும் சட்டம் வகுக்கின்றது என்பது வர்க்க நலன்களிலிருந்து விலகிய வினா அன்று.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமையுடையவர் என்ற கொள்கையை இந்நாட்டில் ஏற்றுக்கொண்டது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது ஒத்திவைக்கப்பட்டமையும், அதே 2022 இல் இந்திய உதவியுடனான தனித்துவ எண்ணியல் அடையாளத் திட்டத்திற்கு உடன்பாடு காணப்பட்டமையும் ஒருசேர நோக்கத்தக்கவை. திரட்டுவதற்குக் காட்டப்படும் வேகம் உரிமையளிப்பதிற் காட்டப்படவில்லை. முறையீடு செய்யும் வழி, தோட்டத்துப் பெண் தொழிலாளி வாசிக்கக்கூடிய மொழியிலும் சென்றடையக்கூடிய தூரத்திலும் அமையாதாயின், உரிமை சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

நிர்வாகத்திற்குப் பதிவேடு இன்றியமையாதது எனக் கம்பனிகள் கூறுவதை மறுக்கவேண்டியதில்லை. பதிவேடு இருக்கட்டும். ஆனால் எழுதப்பட்டவரிடம் அதன் பிரதி அவர் மொழியில் இருத்தல் வேண்டும்; வேலைக்காகப் பெற்ற குறிப்பு வேறு காரியத்திற்குக் கைமாறலாகாது; பிழையின் சுமை எழுதியவரைச் சேர்தல் வேண்டும். இம்மூன்றும் 1921 க்கு முன் மாத்தளைத் தோட்டங்களில் நிலவியிருப்பின் துண்டு முறை இயங்கியிராது. 1949 இல் நிலவியிருப்பின் பல்லாயிரவர் தம் வதிவைத் தாமே நிறுவியிருப்பர். மலையக மக்களின் வரலாற்றை இரங்கத்தக்க பழங்கதையாக ஒதுக்காது, இன்றைய தரவுரிமைப் போராட்டத்தின் முதல் அத்தியாயமாக வாசித்தல் ஆய்வாளர் கடனாகும். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள பழைய பேரேடுகளைப் பேணி, அவற்றில் எழுதப்பட்டோரின் சந்ததியினர் பார்வையிட வழிசெய்தல் அதன் முதற்படியாகலாம்.