தந்திக் கம்பியும் மோட்டார் விளக்கும்

ஊவா மலைத்தோட்டங்களில் மோட்டார் லொறி ஓடத் தொடங்கிய நாளில், இரவுப் பயணத்துக்குக் காவல் அதன் முன்விளக்கே. அவ்விளக்கோ இரண்டு செப்புக் கம்பிகளின் இணைப்பை நம்பியிருந்தது.

அவ்விணைப்பின் வரலாறு மோட்டாருக்கு முந்தியது. 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இலங்கையின் முதலாவது தந்தித் தொடர்பு ஏற்பட்டது. தந்திக் கம்பி அறுந்தால், முனைகளைச் சுரண்டித் துலக்கி, ஒன்றன்மேல் ஒன்றை இறுக முறுக்கி இணைத்தல் தந்தி வேலையாளரின் வழக்கம்.

முற்காலக் கார்களில் கார்பைட் வாயு விளக்குகள் எரிந்தன. 1912இல் அமெரிக்காவின் கடிலாக் கார், சாள்ஸ் கெட்டரிங் அமைத்த மின்தொடக்கியோடும் மின்விளக்குகளோடும் வெளிவந்தது. அதன்பின், தந்தியின் முறுக்கு மோட்டார்த் தொழிலாளரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. ஆயினும் தேயிலைப் பெட்டியை நிலையத்துக்கும், லயத்து நோயாளியை மருத்துவமனைக்கும் சேர்க்கச் சாலையே வழி. அப்புத்தளை மூடுபனியில் முறுக்கின் இடுக்கில் ஈரம் புகும், செம்பில் களிம்பு படரும், மின்தடை மிகும், விளக்கு மங்கும். பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் பற்றரியே இருந்தது. 36 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3 அம்பியர் போதும். 6 வோல்ட்டிலோ 6 அம்பியர் வேண்டும். மின்னோட்டம் இருமடங்காயின், அதே தடையில் வெப்பம் நான்கு மடங்காகும். ஆதலின் முறுக்கியபின் ஈயம் பற்றவைத்து, நாடா சுற்றினர்.

இன்று செப்புக் குழலை நெரித்து இணைக்கும் முறை பெருகியுள்ளது. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில், நன்கு துலக்கி இறுக்கிய இணைப்பு இன்றும் உயிர் காக்கிறது.