மூத்தவனுக்குக் கல்வி, இளையவர்களுக்கு மண்

சென்ற வாரம் விர்ஜினியாவின் பெருநிலக்கிழார்கள், அடிமைகளும் புகையிலைத் தோட்டங்களுமாகச் சேர்த்துவைத்த ஆஸ்தி முழுவதும் சிதறாமல் தலைமகனுக்கே போய்ச் சேருமாறு செய்துகொண்ட ஏற்பாட்டைப் பார்த்தோம். அதே காலத்தில், அதே ஆங்கில முடியாட்சியின் கீழ், வடக்கே மாசசூசெட்ஸில் கல்லும் கரடுமான பூமியைத் தம் கையாலேயே உழுது ஜீவித்த குடியானவர்கள் வேறொரு நியாயத்தைக் கைக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் 1761-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, ஜான் ஆடம்ஸ் என்ற எழுபது வயதுக் குடியானவர், அப்போது ஊரெங்கும் பரவியிருந்த விஷஜுரத்துக்கு இரையாகிக் காலமானார். விவசாயத்தோடு செருப்புத் தைக்கும் தொழிலையும் நடத்தி, சபையில் டீக்கனாகவும் ஊர் நிர்வாகத்தில் பொறுப்பாளராகவும் மரியாதையுடன் வாழ்ந்த அவர், 1720-இல் வாங்கிய வீட்டையும் நிலத்தையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, 1744-இல் பக்கத்து வீட்டையும் வாங்கி, கொஞ்சங்கொஞ்சமாகக் காணி சேர்த்தவர். மனைவி சுசன்னாவுக்கும் அவருக்கும் பிறந்தவர்கள் மூன்று ஆண்மக்கள். தந்தையின் பெயரையே தாங்கிய ஜான், பீட்டர் பாயில்ஸ்டன், எலைஹூ.

மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், மாசசூசெட்ஸில் 1641-இலிருந்தே வழக்கத்திலிருந்த விதிப்படி மூத்த மகனுக்கு இரண்டு பங்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பங்கும் சேரும். தலைமகனுக்கு இரட்டிப்புப் பாகம் என்று பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில் சொல்லியிருப்பதே இதற்குப் பிரமாணம். இங்கிலாந்திலோ நிலமெல்லாம் மூத்தவனுக்கே என்பது அன்று பொதுச் சட்டமாயிருந்தது. பக்கத்துக் கனெக்டிகட்டில் வின்த்ராப் குடும்பத்துச் சகோதரர் ஒருவர், தங்கைக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்று லண்டன் வரை வழக்காடி, 1728-இல் மன்னரின் பிரிவி கவுன்சிலில் ஜயித்து, அந்தக் குடியேற்றத்தின் பங்கீட்டுச் சட்டத்தையே ரத்துச் செய்யவைத்தார்; தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக்கொண்ட நிலங்களின் பாத்தியதை என்ன ஆகுமோ என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. பத்து வருஷங்களுக்குப் பின் மாசசூசெட்ஸின் சட்டத்தை அதே கவுன்சில் செல்லுபடியாக்கியது, சாதாரண ஜனங்கள் செய்த பாக்கியம் என்றே சொல்வேன்.

டீக்கன் ஆடம்ஸ் மரணசாசனம் எழுதிவைத்திருந்தார். அதில் இரட்டிப்புப் பாகம் இல்லை. பிதுரார்ஜித வீடும் தலைமகனுக்குப் போகவில்லை. மூத்தவர் ஜான் பிறந்து வளர்ந்த அந்த வீடு பீட்டருக்குப் போயிற்று. தெற்குப் பகுதி நிலங்கள் எலைஹூவுக்குச் சேர்ந்தன. மூத்தவருக்கு வாய்த்தவை பக்கத்துச் சிறிய வீடும் ஏறக்குறைய 40 ஏக்கரும். காரணம், ஜானை ஹார்வர்டில் படிக்கவைத்த செலவு. நிலத்தை வாங்குவதன்றி விற்றறியாத அந்தத் தகப்பனார், மகனின் படிப்புக்காக மட்டும் பத்து ஏக்கரை விற்றார் என்பார்கள்.

அந்தப் படிப்பும் மகன் விரும்பிப் பெற்றதன்று. சிறுவன் ஜான் பள்ளியை வெறுத்து, தானும் குடியானவனாகவே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். தந்தை கோபிக்கவில்லை, மறுநாள் விடியற்காலையில் அவனைச் சதுப்பு நிலத்துக்கு அழைத்துப்போய், கூரை வேயும் புல்லை நாள் முழுவதும் சேற்றில் நின்று அறுக்கவைத்தார். அந்தியில் வீடு திரும்பியபின், இந்தத் தொழில் திருப்தியாயிருக்கிறதா என்று கேட்டார். உடம்பெல்லாம் வலித்தும், மிகவும் பிடித்திருக்கிறது என்றே பையன் சாதித்தான். உனக்குப் பிடிக்கலாம், எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லித் தந்தை அவனைப் பள்ளிக்கே திருப்பி அனுப்பினார். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் அந்த மகனேதான்.

கல்விக்குச் செலவான பொருளையும் பாகமாகவே கணக்கிட்டு, படித்தவன் படிப்பால் பிழைப்பான், உழுகிறவர்களுக்கே உழும் நிலம் வேண்டும் என்று தீர்மானித்த அந்தக் கிழவரின் நீதியை நான் மனமாரப் போற்றுகிறேன். வேதம் வகுத்த தலைமகன் உரிமையை அவர் மறுத்தாரில்லை. அதை முன்கூட்டியே, வேறு நாணயத்தில் கொடுத்துத் தீர்த்திருந்தார்.

அக்காலத்து ஸ்திரீகளின் பாத்தியதையைப் பற்றி அப்படிப் போற்ற முடியவில்லை. கைம்பெண்ணுக்குக் கணவன் நிலத்தில் மூன்றிலொரு பாகம் ஆயுள் பரியந்தம் அனுபோகத்துக்கு உண்டு. விற்கும் உரிமை இல்லை. கிழக்குப் பக்கத்து அறையும், மகன் தீனிபோட்டு வளர்க்கும் ஒரு பசுவும், வெட்டிக் கொண்டுவந்து போடும் விறகும், கிணற்றுக்குப் போகும் வழியும் தாய்க்கு உண்டு என்று நியூ இங்கிலாந்துச் சாசனங்கள் பலவும் விஸ்தாரமாக எழுதிவைப்பதைப் படிக்கும்போது, தன் சொந்த அடுக்களையில் நடமாடுவதற்கும் எழுத்துமூலமான அனுமதி வேண்டியிருந்த அந்தத் தாய்மாரை நினைத்து மனம் வேதனைப்படுகிறது. சுசன்னா 1766-இல் மறுமணம் செய்துகொண்டு, மூத்த மகன் ஜான் அமெரிக்க ஜனாதிபதியானதையும் பார்த்துவிட்டு, 1797-இல் காலமானார்.

வக்கீலாகிவிட்ட ஜான் ஆடம்ஸுக்கு அந்த 40 ஏக்கர், ஊர்ச்சபையில் நிலமுடையவனுக்குரிய வாக்கையும் தந்தது. சிறிய வீட்டுக்கே 1764-இல் அபிகேலை மணந்து அழைத்துவந்தார். அங்கேதான் பின்னாளில் ஆறாவது ஜனாதிபதியான ஜான் குவின்சி ஆடம்ஸ் பிறந்தார். எலைஹூ 1775-இல், சுதந்திர யுத்தத்தின் ஆரம்பத்திலேயே, படைமுகாமில் சீதபேதி கண்டு மாண்டார். அதற்கு முந்தின வருஷம், ஜான் தம்பி பீட்டரிடமிருந்து தாம் பிறந்த வீட்டையும், களஞ்சியத்தையும், 35 ஏக்கர் நிலத்தையும், 18 ஏக்கர் மேய்ச்சல் தரையையும் 440 பவுனுக்குக் கிரயத்துக்கு வாங்கினார். தகப்பனார் கொடுக்காத பாகத்தை, தகப்பனார் கொடுத்த கல்வியால் சம்பாதித்த பணத்தைக் கொண்டு வாங்கினார்.

பழைய பிரெய்ன்ட்ரீயின் வடபகுதி இன்று குவின்சி நகரம். இரண்டு வீடுகளும் பக்கத்தில் பக்கத்தில் அங்கே இன்னும் நிற்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கப் பாஸ்டன் பக்கம் போகிற நேயர்கள் அவசியம் ஒருமுறை போய்ப் பார்த்துவரவேண்டும்.