வாஷருக்கு அடியில் ஒரு பெயர்

ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தகட்டுக்கு ட்சுபா என்று பெயர். பெரும்பாலும் இரும்பு, உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் அலகின் அடித்தண்டு நுழைவதற்கு ஒரு துளை. செய்தவர் தன் பெயரை அந்தத் துளைக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக வெட்டுவார். வாளைப் பூட்டியதும் செப்பா என்கிற மெல்லிய வாஷர் வந்து அதை மூடிவிடும். இடுப்பில் செருகி நடந்த சாமுராயின் கண்ணிலேயே தினமும் படாத எழுத்து. கல்வெட்டு மைப்படிகளோடு பழகிய எனக்கு இந்தக் குட்டிச் சாசனங்கள் மேல் தீராத ஆசை.

முதலில் ஊர், அடுத்து ஆள், முடிவில் 'செய்தது'. பொதுவாக இதுதான் வரிசை, சில சமயம் இடம் மாறும். ஹிக்கோனே ஊர்த் தகடுகளில் ஒரு பக்கம் 'கோஷூ ஹிக்கோனே ஜூ', மறுபக்கம் 'மொகராஷி நியூடோ சோட்டென் செய்' என்று இருக்கும். கோஷூ என்பது ஓமி மாகாணம், இன்றைய ஷிகா. ஜூ என்றால் அவ்வூரில் வசிப்பவர். நியூடோ என்றால் துறவு பூண்டவர். 1871க்குப் பிந்திய வரைபடத்தில் இந்த மாகாணங்களைத் தேடிப் பயனில்லை. பழைய பெயர்ப் பட்டியல் ஒன்று கையில் வேண்டும்.

தேய்ந்த எழுத்துதான் சோதனை. 'ஜூ', 'செய்தார்' என்பதற்கான 'சக்கு', இரண்டுக்கும் இடப்பாதி ஒன்றே: சாய்ந்த கோடு ஒன்று, அதிலிருந்து இறங்கும் நேர்கோடு ஒன்று, ஆளைக் குறிக்கும் குறி. வலப்பாதியில்தான் வேறுபாடு. ஜூவில் உச்சியில் ஒரு புள்ளி, அதன் கீழே மூன்று படுக்கைக் கோடுகளை ஊடுருவும் நேர்கோடு. தகட்டை வேறொரு வாளுக்கு மாற்றும்போது துளையை அரத்தால் ராவுவார்கள், ஆடாமலிருக்கச் செப்புத் துண்டு வைத்து இறுக்குவார்கள். இடப்பக்க வரியில் அந்த அரம் தின்பது எழுத்தின் வலப்பாதியைத்தான். எஞ்சுவது ஆள் குறி மட்டும். ஊரை அடுத்து நின்றால் ஜூ, பெயரை அடுத்து நின்றால் சக்கு என்று இடத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டியதுதான்.

ஆண்டு எழுதியிருந்தால் நல்ல காலம். டென்போ 3 என்றால் 1832. சிலர் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரை மட்டும் வெட்டிவிடுவார்கள். பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய நமக்கு அந்தச் சிக்கல் சொல்லாமலே புரியும்: அதே பெயர் 1772க்கும் பொருந்தும், 1832க்கும் பொருந்தும்.

ஆனால் எழுத்தைப் படித்துவிட்டால் வேலை முடிந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். சோட்டென் பெயர் விலைபோனதால் வேறு ஊர்ப் பட்டறைகளும் அதையே வெட்டின. இதற்கு நேர்மாறு கோட்டோ குடும்பம். யூஜோ (1440–1512) தொடங்கி ஷோகுன்களுக்குப் பணிசெய்த அவர்களில் ஆரம்பத் தலைமுறையினர் பெயரே வெட்டவில்லை. பின்வந்தவர்கள் முன்னோர் வேலையை அடையாளம் கண்டு, இது இன்னார் செய்தது என்று வெட்டிக் கொடுத்தார்கள். பெயர் ஒருவருடையது, உளி இன்னொருவருடையது. அதனால் உலோகத்தையும் வேலையையும் முதலில் பார்க்க வேண்டும், பெயரைக் கடைசியில்.

சில தகடுகளில் இருப்பது ஜப்பானிய எழுத்தே அல்ல. அது போன்ஜி, அதாவது சித்தம் எழுத்து. பிராமியின் கிளை, கூக்காய் என்ற துறவி சீனாவில் கற்று 806இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனது. அமிதாப புத்தரின் 'ஹ்ரீஹ்' என்ற பீஜாட்சரத்தை அங்கே 'கிரிக்கு' என்கிறார்கள். நம் எழுத்துக்கும் மூதாதையான பிராமியின் கிளை ஒன்று சாமுராயின் இடுப்பு வரை போயிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

1876 மார்ச்சில் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. பிரிக்கப்பட்ட தகடுகள் கப்பலேறி லண்டன், பாஸ்டன் அருங்காட்சியகங்கள் வரை போயின. அந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்து ஹென்றி ஜோலி 1919இல் லண்டனில் ஒரு பட்டியல் வெளியிட்டார்.

இப்படி ஒரு தகடு உங்கள் கைக்கு வந்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருமை அழுக்கல்ல, கைவினைஞர் வேண்டுமென்றே ஏற்றிய நிறம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், அது போதும்.